இடப்பக்கம் உட்கார்ந்தவர்

என் கணவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயது மகள் பின்சீட்டில் ஜன்னலோரம் இருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருக்குப் பம்புசெட் விற்கும் வேலை. மதுரையிலிருந்து மேலூர், கொட்டாம்பட்டி பக்கமும் திருமங்கலம், டி. கல்லுப்பட்டி பக்கமும் கிராமம் கிராமமாகப் போய் ஆர்டர் எடுப்பார். விற்ற மோட்டார் தண்ணீர் இறைக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார். இதற்காகவே யாரோ ஓட்டிக் கழித்த சின்னக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வெள்ளை நிறம். ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் கியர்க் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அவர் அதை மாற்றுவது வெளியே தெரியாது. இரண்டு விரலால் ஏதோ தூசியைத் தட்டிவிடுவதுபோல இருக்கும், வண்டி அடுத்த வேகத்துக்குப் போயிருக்கும். நான் எத்தனையோ வருடம் அந்தக் காரில் போயிருக்கிறேன். ஓட்டுகிறவர் காலடியில் எத்தனை பெடல் இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவரிடம் மோட்டார் வாங்கிய ஒரு விவசாயி வீட்டில் காதுகுத்து என்று கொட்டாம்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். கிணற்றில் தண்ணீர் எந்த ஆழத்தில் இருந்தால் எந்த மோட்டார் போட வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். திரும்பிப் பார்த்தேன். கழுத்து விறைத்து முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. கார் மெல்ல இடப்பக்கம் சரிந்தது. அவருடைய வலது கால் ஆக்ஸிலேட்டரில் விறைத்து நின்றதால் என்ஜின் அலறியது. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் சாவி. எட்டி அதைத் திருகினேன். கார் இரண்டு புளியமரங்களுக்கு நடுவில் புகுந்து, சரிவில் இறங்கி, அறுவடை முடிந்த வயலில் குதித்துக் குதித்துப் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள் அழக்கூட இல்லை. "அப்பா ஏம்மா வயலுக்குள்ள வந்தாக?" என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவரைத் தூக்கித் தரையில் கிடத்தினோம். வாயில் நுரை தள்ளியது. இரும்பைக் கையில் கொடுங்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். இரும்புக்கு நான் எங்கே போவேன். கார் சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு முழுசாகத் திரும்பிய பிறகு டாக்டர் மாத்திரைகளைப் பற்றி நிதானமாகச் சொன்னார். கடைசியில், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல, "இனிமே வண்டி ஓட்டக் கூடாது. சைக்கிள்கூட வேண்டாம்" என்றார்.

"எத்தன நாளைக்கு சார்?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கினார்.

அப்போது நாங்கள் ஆனையூரில் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கு ஒரு காலி மனை கிடக்கும். எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கார் நின்றது. ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தார். அந்த ஆள் கிளட்சை முழுக்க அமுக்காமலே கியரை மாற்றுவார்போல. பல்லோடு பல் உரசும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இவருக்குத் தலைவலி வந்துவிடும். பத்து நாளில் அவரைப் போகச் சொல்லிவிட்டார். பிறகு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார். பஸ் நிற்காத ஊர்களுக்கு மூன்று மைல், நான்கு மைல் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைத் துடைத்து, ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, என்ஜினை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பார். நான் நம்பியதுபோல இருந்துகொள்வேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கார் வேறு பக்கம் பார்த்து நின்றது. காலையில் முகப்பு சுவரைப் பார்த்து இருந்தது, இப்போது தெருவைப் பார்த்து இருந்தது. மண்ணில் டயர்த் தடம் தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது. அவரிடம் கேட்டேன். சும்மா முக்கு வரைக்கும் போனேன் என்றார். அந்த முக்கில்தான் தெருப்பிள்ளைகள் பாண்டி விளையாடும். எங்கள் மகளும் அதில் இருப்பாள். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது, நான் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டு என் முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டே நின்றார். பொம்பளை ஒருத்திக்கு அவர் அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரை ஓரமாகப் போகும் ரோட்டில் பாடம். முதல்நாள் சேலைக் கொசுவம் கிளட்ச் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து கொசுவத்தை ஏற்றிச் செருகி, செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் பெடல் என்னோடு பேச ஆரம்பித்தது.

கிளட்சை நான் மிதித்தேன், மிதித்த வேகத்தில் விட்டேன். வண்டி தூக்கிப் போட்டு நின்றுவிடும். ஒரு காலையில் பதினான்கு தடவை அப்படி நின்றது. அவர் பொறுமையாக, "டீச்சர், மிதிக்காதீங்க, அமுத்துங்க. விடுறப்போ பாதியில ஒரு எடம் வரும். வண்டி லேசா சிலுப்பும். அங்க கொஞ்சம் நில்லுங்க. அம்புட்டுத்தான்" என்றார்.

அந்த இடத்தைத் தேடி ஒரு வாரம் போனது. கிடைத்த அன்றைக்கு அது எனக்கு உள்ளங்காலில்தான் தெரிந்தது. காரின் தரைத்தகட்டுக்கு அடியில் ஏதோ ஒரு பிராணி புரண்டு எழுந்திருப்பதுபோல ஒரு அசைவு. காலை அங்கேயே வைத்துக்கொண்டு வலது காலால் கொஞ்சம் கொடுத்தேன். வண்டி குலுக்காமல் நகர்ந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கண்மாய்த் தண்ணீர் பக்கத்தில் கூடவே வந்தது. காலையிலிருந்து மாலைவரை நாற்பது பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். இங்கே இரண்டு கை, இரண்டு கால், கண், காது எல்லாம் ஆளுக்கொரு வேலையாகச் செய்துகொண்டிருக்க, மண்டைக்குள் அப்படியொரு அமைதி. கல்யாணத்துக்குப் பிறகு நான் எனக்கென்று கற்றுக்கொண்ட முதல் காரியம் அது.

அந்தச் சந்தோஷத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தெருமுனையில் இறங்கி நடந்து வரும்போதே முகத்தைச் சரிசெய்துகொள்வேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள்போல வீட்டுக்குள் நுழைவேன். எப்படிப் போகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லைசென்ஸுக்கான பரீட்சையில் முதல் தடவை ரிவர்ஸில் கல்லைத் தட்டித் தோற்றேன். இரண்டாவது தடவை தேறினேன். இரண்டையும் ஒரே குரலில்தான் அவரிடம் சொன்னேன்.

நான் ஓட்ட, அவர் முதன்முதலாக ஏறியது ஒரு சனிக்கிழமை. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மோட்டார் நின்றுபோய்ப் பயிர் காய்கிறது என்று ஆள் வந்திருந்தது. நான் சாவியோடு வெளியே வந்தபோது அவர் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, காரின் முன்பக்கமாகச் சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினார். அந்தச் சின்னத் தூரத்தை அவர் நடந்து முடிக்கும்வரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடதுகால் வெறும் தரையை அமுக்கியது. எதிரே லாரி வந்தால் வலதுகால் அமுக்கியது. திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தை நோக்கி ஏறும் மேட்டில் வண்டி நிற்க, பின்னால் ஒரு லாரி ஒட்டி நின்றது. கேட் திறந்தவுடன் பிரேக்கை விட்டேன். கார் பின்னால் உருண்டது. லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை. மறுபடி பிரேக்கை மிதித்தேன்.

"பதறாத," என்றார் அவர். "கைபிரேக்க இழு. பாதி கிளட்சு. சத்தம் எறங்குதா? இப்ப கைபிரேக்க விடு."

விட்டேன். கார் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டியது. ரொம்பத் தூரம் போன பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்று நான்தான் கூட்டிப்போனேன். கிராமங்களில் எங்களைப் பார்க்கக் கூட்டம் கூடும். அவர் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது காரை நிழலில் நிறுத்திவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்துவேன். கை தேறியது. கை தேறத்தேற எனக்கு ஜாக்கிரதை குறைந்தது. ரோட்டில் இல்லை, அவரிடம் சந்தோஷத்தை மறைப்பதில்.

கொட்டாம்பட்டி ரோட்டில்தான் அது வெளிவந்தது. முந்தின நாள் மழை பெய்து, ரோடு கழுவிவிட்டதுபோலக் கிடந்த காலை. மேலூர் தாண்டியதும் நேர் ரோடு. நாலாவது கியரில் போட்டேன். என்ஜின் சத்தம் தணிந்து காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. என்னை அறியாமல் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குக் கார் வயலுக்குள் இறங்கிய இடத்தை அப்போதுதான் தாண்டினோம் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அவருக்கு உறைத்தது.

"நான் விழுந்தது ஒனக்கு நல்லதாப் போச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் மாதக்கணக்காக முகத்தை மாற்றி மாற்றி நானும் களைத்திருந்தேன்.

"ஆமாங்க, சந்தோசமாத்தான் இருக்கு," என்றேன். "அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பின்சீட்டிலிருந்து ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார். ரோட்டோரமாகவே நடந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் நின்றார். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

காரைத் திருப்பி மதுரைக்கு ஓட்டினேன். பக்கத்தில் யாருமில்லாமல் நான் ஓட்டிய முதல் தடவை அது. அழுதுகொண்டே ஓட்டினேன். முந்தானையால் துடைப்பேன், ரோடு தெளியும், மறுபடி கலங்கும். அப்படி அழுதும் வழி முழுக்க ஒரு கியர்கூட உரசவில்லை. அது எனக்குத் தெரிந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது என்பதை நினைத்து இன்னும் அழுதேன்.

ஒன்றரை மாதம்போலக் காரைத் தொடவில்லை. வீட்டில் பேச்சு இருந்தது. சாப்பாடு, பள்ளிக்கூடம், மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா என்பதோடு அது முடிந்துவிடும். வேப்பம்பழம் உதிர்ந்து காரின் கூரையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பையும் அவர் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமைப் பகலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரை ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் பஸ் கண்டக்டர். மேலூர் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். உதடு கிழிந்து, சட்டை முழுக்க மண். பையில் இருந்த ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து விலாசம் கண்டுபிடித்து, அதே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிவந்தார்களாம். கண்டக்டர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இவர ஒத்தையில அனுப்பாதீங்க" என்றார். என் மேல் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். உதட்டில் இன்னும் வீக்கம் இருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றார். உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பொறாமதான். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். இல்லை, நீ சொன்னது நிஜம் என்றார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அது எப்பிடி இருக்குன்னு சொல்லு. மூணுலருந்து நாலுக்குப் போறது. எனக்கு மறந்துரும்போல இருக்கு."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். மூன்றாவதில் வண்டி மூச்சுப் பிடித்து ஓடுவதுபோல இருக்கும், ஒரு கட்டத்தில் போதும் போதும் என்று அதுவே சொல்லும், கம்பியைத் தள்ளிக் கீழே இறக்கும்போது நடுவில் ஒரு கணம் கையில் கனமே இருக்காது, அப்புறம் பொருந்திக்கொள்ளும் என்றேன். அந்த நடுவில் இருக்கும் கணத்தைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். "ஆமா, அதான்" என்றார். கண்மாய்க்கரைக் காலைகளைப் பற்றியும், பதினான்கு தடவை வண்டி நின்றதைப் பற்றியும், சேலை மாட்டிக்கொண்டதைப் பற்றியும் எல்லாம் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவரும் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு லாரியில் கிளீனராக இருந்து திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியதை. அதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. டியூஷனுக்குப் போன மகள் திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் விளக்கைக்கூடப் போடாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு மறுபடி நானே அவரை ஓட்டிக் கூட்டிப்போனேன். தை மாதக் கடைசியில் ஒருநாள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் போனோம். பிறந்த வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்த பெண்போல மகள் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தாள். கரிசல்காடு இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து கிடந்தது. ஒரு ஊரை நெருங்கும்போது ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் காய் உடையட்டும் என்று அந்தப் பக்கத்தில் அப்படித்தான் போடுவார்கள். நான் அதுவரை அதன் மேல் ஓட்டியதில்லை. வேகத்தைக் குறைத்தேன்.

"இதுல பிரேக்குப் போட்டா வழுக்கிக்கிட்டுப் போயிரும்," என்றார். "ரெண்டாவதுல போடு. பிரேக்கத் தொடாத. அதும்போக்குல விடு."

இரண்டாவதில் போட்டேன். சக்கரம் செடிமேல் ஏறியதும் ஸ்டியரிங் கையில் லேசாகி, கார் தண்ணீரில் மிதப்பதுபோல ஒரு பக்கம் நகர்ந்தது. கைகளை இறுக்காமல் பிடித்துக்கொண்டேன். அடியில் காய்கள் படபடவென்று உடையும் சத்தம் காருக்குள் கேட்டது. மகள் விழித்துக்கொண்டு மழையா என்றாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கால்கள் இரண்டும் தரையில் அசையாமல் இருந்தன.

ரோட்டோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அவரிடம், "அக்காவா ஓட்டுறாக?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார். "நல்லா ஓட்டுவா."

பிறகு என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை போவோமா என்று கேட்டார். காரைத் திருப்பினேன். அந்தப் பெண்கள் செடியைக் கிளறிப் போட்டு ஒதுங்கி நிற்க, போய், மறுபடி திரும்பி, மூன்று தடவை அதன் மேல் ஓட்டினோம். அன்றைக்குப் பார்க்க வேண்டிய மோட்டாரைப் பார்க்க ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.

மாத்திரை கடைசிவரை நிற்கவில்லை. வலிப்பும் முழுக்க விட்டுப்போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வரும். பெரும்பாலும் வீட்டில், ஒரு தடவை காரில். அப்போது நான் பதறாமல் ஓரங்கட்டி, அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தெளியும்வரை காத்திருந்து, பிறகு ஓட்டினேன். அந்தக் கார் அதற்கப்புறமும் பல வருடம் எங்களிடம் இருந்தது. கியர் எப்போது மாற்ற வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டை வராத நாளில்லை. அவர் சீக்கிரம் மாற்று என்பார். நான் கொஞ்சம் பொறுப்பேன்.